கால்பக்கத்து லைட் ஒருவழியா மெதுவா அணையுது (தானா எரியுற ஆட்டோவும் இருக்கு, கை சுவிட்சும் இருக்கு)

கார் கதவ சாத்துனதும் கால் வைக்கிற இடத்துல நான் போட்ட லைட் எங்கயும் குதிக்காம, எங்கயும் நிக்காம கரைஞ்சு கரைஞ்சு முழு இருட்டுக்குப் போயிடுச்சு. ரொம்ப நாளா இழுத்தடிச்ச வேலை. நேத்து ராத்திரி கார்ல உக்காந்து கதவத் திறந்து திறந்து சாத்திப் பாத்துட்டே இருந்தேன், அவ்ளோ சந்தோசம். அதான் சூட்டோட சூடா எழுதிடுறேன்.

வண்டி பழைய வேகன் ஆர். எல்இடி ஸ்ட்ரிப் வழக்கமான 12 வோல்ட் 5050 (எல்இடியோட சைஸ்) வார்ம் வொய்ட், மீட்டருக்கு 14.4 வாட், டிரைவர் பக்கம் 30 செ.மீ, பக்கத்து சீட்டுப் பக்கம் 30 செ.மீ. ரெண்டும் சேந்து முக்கால் ஆம்பியருக்குள்ள, இன்ஜின் ஓடும்போது லைன் 14 வோல்ட்டத் தாண்டுறதால கொஞ்சம் ஏறும், 2 ஆம்பியர் ஃபியூஸ் தாராளம். வயர் இழுத்த கதை எல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன், டேஷ்போர்டுக்குக் கீழ மஞ்ச கலர் கனெக்டர் கண்ணுல பட்டா அது ஏர்பேக் லைன், அது பக்கமே போகாதீங்க.

இனி முக்கியமான விஷயம். ஆட்டோ வேணும்னு நான் ஆசைப்பட்டதே அம்மாவுக்காகத்தான். ராத்திரி எறங்கும்போது கீழ செருப்பு எங்க இருக்குன்னு துழாவுவாங்க, அப்ப சுவிட்சத் தேடச் சொல்ல முடியுமா, கதவு திறந்தா லைட் தானா வரணும், சாத்துன பிறகும் கொஞ்ச நேரம் நிக்கணும். அதே சமயம் ஊர்ப்பக்கம் மழை விட்ட சாயங்காலம் கதவத் திறந்து வச்சிட்டு உக்காந்து பாருங்க, லைட் எரிஞ்சா போதும் ஈசல் மொத்தமும் உள்ளதான், மறுநாள் ஃப்ளோர் மேட்டுக்கு அடியில எல்லாம் இறக்கையாக் கிடக்கும். அப்ப ஆட்டோவ வாய மூடுன்னு சொல்ல கைல ஒண்ணு இருந்தே ஆகணும். அதனால நடுவுல ஆஃப் வர்ற மூணு நிலை ராக்கர் சுவிட்ச் போட்டேன். ஸ்ட்ரிப்போட நெகட்டிவ் சுவிட்சோட நடு பின்னுக்கு வருது, ஒரு பக்கம் மாஸ்ஃபெட்டுக்குப் (கோடு ஓடுற சின்ன சிப் சொல்றபடி கரண்ட்டத் திறந்து மூடுற டிரான்சிஸ்டர்) போகுது, அது ஆட்டோ. இன்னொரு பக்கம் நேரா பாடி கிரவுண்ட், அது மேனுவல். நடுவுல வச்சா எதுவும் இல்ல.

கவனிச்சீங்களா, மேனுவல் பக்கம் சிப்பைத் தொடவே இல்ல. சுவிட்சையும் சிப்போட ஒரு பின்னுல கொடுத்து கோடுலயே பாத்துக்கலாம், வயரும் மிச்சம்னு நிறைய பேர் செய்றாங்க, எனக்கு அது சுத்தமா ஒத்துக்கல. சிப் ஹேங் ஆகி நின்னாலும் கைல போட்டா எரியணும், கைல அணைச்சா அணையணும். இப்ப வர்ற புது வண்டிங்கள்ல உள்ள லைட்ட அணைக்கவே ஸ்கிரீன்ல மெனுக்குள்ள மெனு போக வேண்டியிருக்கு, ஓட்டிட்டு இருக்கிறவன் ரோட்டப் பாப்பானா மெனுவப் பாப்பானா. கார் பாதுகாப்புக்கு ஸ்டார் குடுக்குற யூரோ என்கேப்காரங்களே 2026ல இருந்து இண்டிகேட்டர், ஹஸார்ட், ஹாரன், வைப்பர் மாதிரி ஐட்டங்களுக்கு கையால தொட்டு இயக்குற சுவிட்ச் இருந்தாதான் முழு மார்க்குன்னு வந்துட்டாங்க, உள் லைட்டயும் அதுல சேர்த்திருக்கலாம்.

சரி, அணையுற கதைக்கு வர்றேன், என் தூக்கத்தக் கெடுத்தது இதுதான். எல்லாரும் முதல்ல போடுறது மாஸ்ஃபெட் கேட்ல (அதத் திறந்து மூடுற கால்) ஒரு கெப்பாசிட்டர், ஒரு ரெசிஸ்டர், அது காலியாக ஆக லைட் மெதுவா குறையும்னு. குறையாது. கெப்பாசிட்டர்ல வோல்டேஜ் இறங்கிட்டே இருக்கும், லைட் அசையாம அப்படியே எரியும், கேட் வோல்டேஜ் த்ரெஷோல்ட் (மாஸ்ஃபெட் திறக்க ஆரம்பிக்கிற அளவு) கிட்ட வந்ததும் அந்தக் கொஞ்சூண்டு வோல்ட்டுக்குள்ள மொத்தமும் முடிஞ்சிடும். போதாததுக்கு அந்த நேரத்துல மாஸ்ஃபெட் பாதி திறந்த நிலையில நின்னு சூடாகும். வேல்யூ எவ்ளோ மாத்துனாலும் காத்திருக்குற நேரம்தான் கூடும், அணையுற விதம் மாறாது.

அப்புறம்தான் பிடபிள்யூஎம், அதாவது லைட்ட படுவேகமா போட்டு அணைச்சு, எரியுற நேரத்தக் குறைச்சு வெளிச்சத்த இறக்குறது. கைல இருந்த ஏடிடைனி85 சிப்ல (சின்ன மைக்ரோகன்ட்ரோலர்) போட்டா அடுத்த தலைவலி. நம்ம கண்ணுக்கு வெளிச்சம் நேர்க்கோட்டுல தெரியாது, அதனால காமா 2.2 டேபிள் (கண்ணுக்கு சீரா குறையுற மாதிரி வேல்யூ மாத்துற பட்டியல்) போட்டுதான் இறக்கணும், ஆனா 85ல டைமர் ரெண்டுமே 8 பிட், 255 படிதான். மேல எல்லாம் வழுவழுன்னு வரும், அடியில வந்ததும் 3, 2, 1ன்னு இருட்டுல லைட் படி இறங்குற மாதிரி குதிச்சு குதிச்சு அணையும். பகல்ல பெஞ்ச்ல வச்சுப் பாத்தா இது தெரியவே தெரியாது, ராத்திரி கார்க்குள்ளதான் கண்ண உறுத்தும். அதனால ஏடிடைனி84க்கு மாறிட்டேன், அதுல டைமர்1 16 பிட். 10 பிட் (1023 படி) ஃபாஸ்ட் பிடபிள்யூஎம், 8 மெகாஹெர்ட்ஸ், ப்ரீஸ்கேலர் 8 (கிளாக்க எட்டால வகுக்குறது), கிட்டத்தட்ட 976 ஹெர்ட்ஸ் வருது, கண்ணுல துடிப்பு தெரியல, அடியில இருந்த குதிப்பும் போச்சு.

போயும் கடைசியில ஒரு சின்ன மினுக்கு மிச்சம் நின்னுச்சு. வேல்யூ 0, ஆனா ஸ்ட்ரிப் ஓரத்துல மங்கலா ஒரு கோடு. டேட்டாஷீட்லயே இருக்கு, ஃபாஸ்ட் மோடுல 0 கொடுத்தாலும் ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு சின்ன ஸ்பைக் வெளிய வரும். 0 வந்ததும் டைமர அந்தப் பின்னுல இருந்து கழட்டிவிட்டு பின்ன லோ பண்ணிட்டா முழு இருட்டு. இந்த ரெண்டு வரி கோடுதான் நேத்து ராத்திரி சந்தோசத்துக்குக் காரணம்.

கதவு சிக்னல் சுலபமா முடிஞ்சது. டோர் சுவிட்ச் கிரவுண்ட் பக்கம்தான், கதவு சாத்தியிருந்தா ரூஃப் பல்பு வழியா அந்த வயர்ல 12 வோல்ட் நிக்கும், அது சிப்புக்குள்ள போகாம ஒரு 1என்4007 டயோட், கேத்தோட் (கோடு போட்ட முனை) டோர் வயர் பக்கம், சிப்ல புல்அப் (பின்ன 5 வோல்ட்டுக்கு இழுத்து வைக்கிற ரெசிஸ்டர்). திறந்தா பின்னுல 0.6, 0.7 வோல்ட் வரும், அது லோன்னு எடுத்துக்க போதும். சிப்புக்கு 5 வோல்ட் குடுக்குற ரெகுலேட்டருக்கு மட்டும் 7805 வேணாம், சும்மா இருக்கும்போதே சில மில்லி ஆம்பியர் குடிக்கும், நிறுத்தி வச்ச வண்டிக்கு அது ஆகாது. எச்டி7550 மைக்ரோ ஆம்பியர்ல ஓடும், ஆனா 24 வோல்ட்தான் தாங்கும், அதனால முன்னாடி திடீர்னு எகிறுற வோல்டேஜ அமுக்குற ஒரு டிவிஎஸ் டயோட் கட்டாயம்.

சாமான் வாங்குறவங்களுக்கு: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட் கேட்டா ஒரு கடையில ஐஆர்எஃப்இசட்44என் எடுத்துக் குடுத்து ரெண்டும் ஒண்ணுதான் தம்பின்னாங்க. ஒண்ணு இல்ல, இசட்டுக்கு முன்னாடி எல் இருந்தாதான் 5 வோல்ட் கேட்ல முழுசா திறக்கும், மேல இருக்குற எழுத்தப் பாத்து வாங்குங்க. ஞாயித்துக்கிழமை போகாதீங்க, பாதிக் கடை சாத்தியிருக்கும். ஸ்ட்ரிப் பின்னாடி வர்ற டேப்ப நம்பாதீங்க, நம்மூரு வெயில்ல நிறுத்துன வண்டிக்குள்ள அது பிசுபிசுன்னு கழண்டு தொங்கும், டிஃப்யூசர் வச்ச அலுமினிய சேனல் வாங்கி ஸ்க்ரூ போட்டுடுங்க.

பின்சீட்டுப் பக்கம் இன்னும் வயரே இழுக்கல, அதுக்குள்ள மனசு ஹெட்லைட்டுக்குத் தாவிடுச்சு. வண்டியப் பூட்டிட்டு வீட்டு கேட் வரைக்கும் நடக்க அரை நிமிஷம் லோ பீம் எரியணும். 555 டைமர் சிப்ப மோனோல (ஒரு தட்டுக்கு ஒரு தடவ ஓடி நிக்கிறது) வச்சு 270 கே ரெசிஸ்டர், 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டா 29.7 செகண்ட், ஆனா எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் டாலரன்ஸ்ல முன்னபின்ன ஆகும், அதனால இதே 84லயே இன்னொரு பின்னு எடுத்து ரிலேவ ஓட்டலாம்னு இருக்கேன். அதுவும் தானா எரியாது, டிம்மர் லீவர ஒரு தட்டு தட்டுனாதான். எதிர்வீட்டு ஜன்னல் நேரா நம்ம பம்பருக்கு எதிர்லதான் இருக்கு, தினமும் அவங்க மூஞ்சில அடிக்க வேணாம்.