எண்ணாக இருந்த பெயர்

லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தபோது, ஊழியர் எண்ணையே பயனர்பெயராக வைத்துவிடலாம் என்று நிர்வாகத்தில் முடிவெடுத்தார்கள். ஒரே பெயரில் இருவர் சேர்ந்தாலும் குழப்பம் வராதே என்று நானும் சரி சொன்னேன். அந்த சர்வரில் இருந்த, புதுக் கணக்கு தொடங்கும் யூஸர்ஆட் கட்டளையும் தடுக்கவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு, வேலையை விட்டுப்போன ஒருவரின் கோப்புகளை பேக்கப்பிலிருந்து மீட்டேன். அவர் கணக்கு எப்போதோ நீக்கப்பட்டிருந்தது. பழைய யுஐடி (கணினி ஒவ்வொரு பயனருக்கும் உள்ளே வைத்திருக்கும் எண்) 1042 மட்டும் குறிப்பில் இருந்தது. கோப்பின் உரிமையாளரை மாற்றும் சோன் கட்டளையில் அந்த எண்ணைக் கொடுத்தேன். கோப்புகளை உரிமையாளரோடு பட்டியலிடும் ‘எல்எஸ் -எல்’ போட்டால் உரிமையாளர் 1042. முடிந்தது என்று எழுந்துவிட்டேன்.

மறுநாள் புதிதாகச் சேர்ந்த ஒருவர் வந்து, “யாருடைய சம்பள விவரமோ என் பெயரில் கிடக்கிறதே?” என்று கேட்டார். அவருடைய பயனர்பெயர்தான் 1042. உரிமையாளரை எண்ணாகவே காட்டும் ‘எல்எஸ் -என்’ போட்டபோது உண்மை தெரிந்தது: கோப்புகள் போயிருந்தது அவருடைய யுஐடி 1067-க்கு. சோன் முதலில் பெயரைத்தான் தேடும். அப்படி ஒரு பெயர் இல்லாவிட்டால்தான் எண்ணாக எடுத்துக்கொள்ளும். நான் பார்த்த 1042 எண்ணே அல்ல, பெயர்.

அதன் பிறகுதான் பெயர் விதிகளை ஒவ்வொன்றாக உட்கார்ந்து படித்தேன். சிறிய எழுத்திலோ அண்டர்ஸ்கோரிலோ தொடங்க வேண்டும், வழக்கமாக 32 எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்பவை பலருக்கும் தெரியும். காரணங்கள்தான் எனக்குப் புதிது. பயனர் கணக்குகளைப் பட்டியலிடும் பாஸ்வேர்டு கோப்பில் ஒவ்வொரு வரியின் ஏழு புலங்களைப் பிரிப்பது முக்காற்புள்ளி (:), அதனால் பெயரில் அது வரவே முடியாது. ஹைஃபனில் தொடங்கினால் கட்டளைகள் அதை ‘-எல்’ போன்ற ஓர் ஆப்ஷன் என்று நினைக்கும். புள்ளி வைத்தால், பயனரையும் குழுவையும் புள்ளியால் பிரித்த பழைய சோன் வழக்கத்தோடு மோதும்.

லினக்ஸில் பின்னணி சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியில் 2017இல் வெளிவந்த பிழையைப் படித்தபோது நிஜமாகவே பயந்தேன். சர்வீஸ் கோப்பில் பயனர்பெயர் இலக்கத்தில் தொடங்கினால், அது செல்லாத பெயர் என்று அந்த வரியையே விட்டுவிட்டு, சர்வீஸை எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கில் ஓட்டியிருக்கிறது.

எல்லாக் கணக்குகளிலும் எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்தேன். யூஸர்மாட் கட்டளை பெயரை மாற்றும், ஆனால் குறித்த நேரத்தில் ஓட வேண்டிய வேலைகளை எழுதிவைக்கும் கிரான்டேப் கோப்பைத் தொடாது. ஓர் இரவு ஓட வேண்டிய ரிப்போர்ட் வரவில்லை. தேடிப்போனால் கிரான்டேப் கோப்புகள் இருக்கும் ஸ்பூல் டைரக்டரியில் அந்தக் கோப்பு இன்னும் பழைய எண் பெயரிலேயே கிடந்தது. அப்புறம் மிச்சமிருந்ததையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து மாற்றினேன்.