ஒன்றரை லட்சம் பேரைத் தேடி

சர்வதேச உறவுகள் துறையில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தபோது நான் எடுத்துக்கொண்டது 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். அந்த வருடம் அக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் டெல்லியில் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். இலங்கையில் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேர் என்று கணக்கு. பெரும்பாலும் மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். இவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மீதி 1,50,000 பேர் விஷயத்தில் ஒத்துவரவில்லை, அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். 1974இல்தான் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் பேசி, ஆளுக்கு 75,000 என்று அவர்களையும் பிரித்துக்கொண்டார்கள்.

ஆய்வைத் தொடங்கியபோது எனக்கு இது பேரம் பற்றிய ஆய்வு, அவ்வளவுதான். ராபர்ட் புட்னம் 1988இல் முன்வைத்த இரு தள ஆட்டக் கோட்பாட்டை இதில் பொருத்திப் பார்ப்பது திட்டம். ஒரு தலைவர் எதிர்நாட்டோடு பேசும்போதே சொந்த நாட்டு அரசியலோடும் பேசிக்கொண்டிருக்கிறார் என்பது அதன் சாரம். முனைவர் குழுவுக்கு முன்னால் இதை வைத்தேன். கேள்வி அதிகம் வரவில்லை. "கோப்புகளைப் பார்த்துட்டு வாங்க" என்று நெறியாளர் அனுப்பி வைத்தார்.

டெல்லியில் ஒரு காப்பகத்தில் நெறியாளரின் கடிதம், அடையாள அட்டை நகல் கொடுத்துப் பதிவு செய்துகொண்டேன். பட்டியலில் நான் தேடிய வருடங்களுக்கு ஏராளமான கோப்பு எண்கள் இருந்தன. சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். மாலையில் சீட்டுகள் திரும்பி வந்தன. பெரும்பாலானவற்றின் மூலையில் சிவப்பு மையில் 'என்.டி.' என்று எழுதியிருந்தது. பக்கத்து மேசையில் இருந்த மூத்த ஆய்வாளர்தான் அர்த்தம் சொன்னார்: 'நாட் டிரான்ஸ்ஃபர்ட்'. பட்டியலில் பெயர் இருக்கிறது, ஆனால் கோப்பு அமைச்சகத்திலிருந்து இன்னும் காப்பகத்துக்கு வரவில்லை. 25 வருடம் கடந்த ஆவணங்கள் காப்பகத்துக்கு வர வேண்டும் என்பதுதான் விதி. நான் கேட்டவை 50 வருடம் கடந்தவை.

சரி, தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்று 10 ரூபாய் கட்டி ஒரு அமைச்சகத்துக்கு மனு போட்டேன். பதில் வந்தது. பிரிவு 8(1)(ஏ), அதாவது வெளிநாட்டு உறவைப் பாதிக்கும் என்பதால் தர இயலாது. இருபது வருடத்துக்கு முந்தைய விஷயங்களைத் தர வேண்டும் என்று 8(3) சொல்கிறதே என்று மேல்முறையீடு செய்தேன். ஆனால் அதே 8(3) வெளிநாட்டு உறவு சம்பந்தப்பட்டதற்கு விலக்கும் வைத்திருக்கிறது. அங்கே கதவு மூடிவிட்டது. இந்த வழியில் போகிறவர்கள் மனு எழுதுவதற்கு முன்னால் அந்த உட்பிரிவைக் கடைசி வரி வரை படித்துவிடுங்கள். எனக்கு ஏழு மாதம் போயிற்று.

வழி கிடைத்தது சென்னையில். ஒரு அரசு இன்னொரு அரசுக்குக் கடிதம் எழுதினால் அதன் நகல் எங்கெல்லாம் போயிருக்கும் என்று யோசிக்க வேண்டும். திரும்பி வந்தவர்களைக் குடியமர்த்தும் வேலை தமிழ்நாட்டுக்கு வந்தது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மறுவாழ்வு தொடர்பான அரசாணைகளைக் கேட்டேன். கட்டுக் கட்டாக எடுத்து வந்து வைத்தார்கள். அரசாணை இரண்டு பக்கம்தான் இருக்கும், அதன் பின்னிணைப்பு நாற்பது பக்கம். டெல்லி கேட்ட விளக்கம், மாவட்ட ஆட்சியர்கள் எழுதிய பதில், திரும்பி வந்தவர்கள் தங்கிய மண்டபம் முகாமில் எத்தனை குடும்பம், தொழில்கடன் எவ்வளவு, நீலகிரியில் புதுத் தேயிலைத் தோட்டம் போட நிலம் எங்கே என்று எல்லாம் அதில் இருந்தது. தாள் ஓரம் தொட்டால் உதிரும். அங்கிருந்த ஊழியர் ஒருவர் பக்கத்தை இரண்டு கையாலும் ஏந்தித் திருப்பக் கற்றுக்கொடுத்தார். என் மூன்றாம் அத்தியாயம் முழுக்க அந்தப் பின்னிணைப்புகளிலிருந்து வந்ததுதான்.

அடுத்தது களப்பணி. நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம், டான்டீ எனப்படும் தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களிடம் பேச வேண்டும். பல்கலைக்கழக அறநெறிக் குழு ஒப்புதல் படிவம் கேட்டிருந்தது. தமிழில்தான், எளிமையாகத்தான் எழுதியிருந்தேன். நான் முதலில் பேசிய பாட்டிக்கு எழுபது தாண்டியிருந்தது. தேநீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார். படிவத்தை நீட்டியதும் முகம் மாறிவிட்டது. தாளை வாங்கவே இல்லை. "தாள்ல எல்லாம் வேணாம் புள்ள. பேசுறேன், கேட்டுக்க" என்றார். அடுத்தடுத்த வீடுகளிலும் அதேதான். பேசத் தயார், கையெழுத்துக்கு மட்டும் யாரும் தயாரில்லை.

மூன்றாவது தடவை போனபோது பாட்டியே சொன்னார். அப்போது அவருக்குப் பதினான்கு வயது. அவர்கள் இருந்தது மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில். ஒருநாள் அப்பா தோட்டத்து ஆபீசுக்குப் போய் ஒரு தாளில் கைநாட்டு வைத்துவிட்டு வந்தார். எல்லாரும் வைக்கிறார்கள், வைக்காவிட்டால் எதுவும் கிடைக்காது என்று தொழிலாளர்களை மேற்பார்க்கும் கங்காணி சொன்னாராம். அது இந்தியக் குடியுரிமைக்கான விண்ணப்பம் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. சில வருடம் கழித்துக் கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டைக் காலி செய்து, தலைமன்னாருக்கு ரயில் ஏறினார்கள். அந்த ரயிலுக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். அங்கிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல். பாட்டி பெட்டியைத் திறந்து குடும்ப அட்டையைக் காட்டினார். மடிப்புகளில் கிழிந்து, பின்பக்கம் துணி ஒட்டியிருந்தது. போட்டோவில் ஆறு பேர். "இதுல உசுரோட இருக்குறது நான் மட்டும்தான்" என்றார்.

அன்றிரவு அறைக்கு வந்து நான்காம் அத்தியாயத்தின் வரைவை எடுத்துப் பார்த்தேன். இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள் ஒதுக்கீட்டைவிடக் குறைவு, இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள் ஒதுக்கீட்டைவிட மிக அதிகம் என்பது தெரிந்த விஷயம். மக்களின் விருப்பம் எது என்பதற்கு அந்த எண்ணிக்கையையே அளவுகோலாக வைத்திருந்தேன். குறைவாக இருந்த அந்த இந்தியக் கணக்கிலேயே, எதற்கு என்று தெரியாமல் வைத்த கைநாட்டுகளும் சேர்ந்திருக்கின்றன. அதற்கு 'விருப்பம்' என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த அத்தியாயத்தை முழுதாகத் திருப்பி எழுதினேன். நெறியாளர் ஒரு வருடம் கூடுதலாக ஆகும் என்று எச்சரித்தார், ஆனால் தடுக்கவில்லை.

படிவத்துக்கும் வழி இருந்தது. எழுத்துக்குப் பதில் வாய்மொழி ஒப்புதல், ஒலிப்பதிவோடு. ஏன் தேவை என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்ததும் அறநெறிக் குழு ஏற்றுக்கொண்டது. அரசாங்கத் தாளால் வாழ்க்கை புரண்டவர்களிடம் போகிற ஆய்வாளர்கள் இதை முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. மொத்தம் முப்பத்தொரு பேர் பேசினார்கள்.

மற்றதெல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான். கட்டுரை வெளியீடு, ஆய்வுச் சுருக்கம், எழுத்துத் திருட்டுச் சோதனை, சமர்ப்பிப்பு. வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் கோட்பாட்டைப் பற்றி இரண்டு கேள்விதான் கேட்டார். மீதி நேரம் முழுக்கக் கைநாட்டைப் பற்றித்தான் பேசினோம். புட்னம் சொல்லும் உள்நாட்டு மேசையில் உட்கார வாக்கு வேண்டும், 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு குடியுரிமையும் இல்லாமல் வாக்கும் இல்லாமல் போனவர்களுக்கு இரண்டு மேசையிலும் இடமில்லை என்று சொன்னேன். இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

பட்டம் வந்ததும் ஆய்வேட்டைத் தமிழில் பன்னிரண்டு பக்கமாகச் சுருக்கி எடுத்துக்கொண்டு கோத்தகிரி போனேன். பேரன் உரக்கப் படித்தான். 1,50,000 பேர் என்று வந்த இடத்தில் பாட்டி அவனை நிறுத்தச் சொன்னார். "எங்க அக்கா கல்யாணம் கட்டி அங்கயே நின்னுருச்சு. அது எதுல புள்ள? மூணு லட்சத்துலயா, இந்த ஒன்றரை லட்சத்துலயா?"

எனக்குத் தெரியவில்லை. அக்காவின் பெயர், கணவர் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிஷன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். அடுத்த சித்திரையில் ஹட்டன் போகிறேன்.