ஒரு பெயரும் இல்லாத புல்வெளி

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் வாபாஷ் ஆற்றங்கரையில் இருக்கும் நியூ ஹார்மனிக்கு அக்காவோடு போனேன். 1814இல் ஜார்ஜ் ராப் என்ற ஜெர்மானியரை நம்பி வந்தவர்கள் கட்டிய ஊர். சொத்து பொது, கல்யாணம் கூடாது, இயேசு சீக்கிரம் வந்துவிடுவார். பத்தே வருடத்தில் ஊரையே ராபர்ட் ஓவன் என்ற பிரிட்டிஷ் ஆலை முதலாளிக்கு விற்றுவிட்டு பென்சில்வேனியா போய்விட்டார்கள். ஓவன் பட்ட பாடு வேறு கதை.

வீடுகளையெல்லாம் வேகமாகப் பார்த்து முடித்தோம். கல்லறைத் தோட்டத்தில்தான் நின்றுவிட்டேன். சுற்றிலும் செங்கல் சுவர். அவர்களுடைய பழைய தேவாலயத்தை இடித்த செங்கல். உள்ளே 230 பேர். ஒரு கல்கூட இல்லை. சாவிலும் எல்லாரும் சமமாம். வெறும் புல். எங்கே கால் வைப்பதென்று தெரியாமல் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஓரமாகவே நடந்தேன்.

"உண்ணி இருக்கும்டி, போட்டுக்கோ" என்றாள் அக்கா.