நடைபாதைக் களை: செடியை விட மண்தான் முதல் வேலை

நடைபாதைக் கற்களின் இடுக்கில் முளைக்கும் களை பெரும்பாலும் அடியிலிருந்து வருவதில்லை. மேலே படிந்த தூசியிலும் மட்கிய சருகிலும் காற்று கொண்டுவந்த விதை விழுந்து முளைக்கிறது. சாலையோரக் கல்லை ஒட்டிச் சேரும் மண்ணை அடிக்கடி கூட்டி அள்ளினாலே பாதி வேலை முடிந்தது. அதை விட்டுவிட்டு எந்த மருந்தை அடித்தாலும் திரும்ப முளைக்கும்.

மழை பெய்த மறுநாள், பூக்கும் முன்பே பிடுங்குங்கள். வேர் முழுசாக வரும். தொட்டால் தோல் அரிக்கும் பார்த்தீனியக் களை என்றால் கையுறை கட்டாயம். பிடுங்கிய இடுக்கில் மணலையோ சாந்தையோ இறுக்கி நிரப்புங்கள், காலியாக விட்டால் அடுத்த விதைக்கு இடம் தயார்.

கொதிநீரோ நெருப்போ பயன்படுத்தினால் இளஞ்செடிதான் சாகும். நெருப்பில் செடி கருக வேண்டியதில்லை. இலையை விரலால் அழுத்தினால் கரும்பச்சைத் தடம் பதிய வேண்டும், அவ்வளவு சூடு போதும். காய்ந்த புல் பக்கத்தில் இருந்தால் நெருப்பே வேண்டாம். கோரை கிழங்கிலிருந்து மறுபடி தழைக்கும், விடாமல் திரும்பத் திரும்பச் செய்யணும்.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடிப்பதானால் பச்சை இலையில் மட்டும். தூசி படிந்த இலையிலும் கலங்கல் தண்ணீரிலும் அது மண்ணோடு ஒட்டி வீரியம் இழக்கும். வெறும் கல்லில் தெளித்தது அடுத்த மழையில் நேராக வடிகாலுக்குப் போகும். சில ஊர்களில் இதற்குத் தடையும் உண்டு, விசாரித்துக்கொள்ளுங்கள்.

உப்பு கொட்டவே கொட்டாதீர்கள். பக்கத்து மரத்தின் வேர் கெடும், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கும்.