எந்தத் தேதிக்கு?

கம்ப்யூட்டர் தகவல்களுக்கு நகல் எடுத்து வைக்கும் பேக்கப் வேலை பார்ப்பவனை ஆபீஸில் யாருக்கும் தெரியாது. எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை அவன் இருக்கிறானா என்றுகூடக் கேட்க மாட்டார்கள். ஏதாவது போய்விட்டால் அன்றைக்கு அவன் ஒருவன்தான் எல்லார் கண்ணிலும் படுவான். பன்னிரண்டு வருஷமாக எனக்கு இதுதான் பிழைப்பு. ஆறு மாத ஆன்சைட்டாக, வாடிக்கையாளர் இடத்திலேயே வேலை பார்க்க, போலந்தின் வார்சாவுக்குப் போனபோதும் அதே வேலைதான், குளிர் மட்டும் உபரி.

அங்கே புதிதாக வந்தவர்களுக்கு ஒரு சனிக்கிழமை பழைய நகரத்தைச் சுற்றிக்காட்ட ஏற்பாடு செய்திருந்தார்கள். எனக்குப் போக மனசில்லை; ஒரு வாரத் துணி துவைக்காமல் கிடந்தது. எங்கள் டீமில் இருந்த வார்சாக்காரப் பெண்மணிதான் விடவில்லை. "மற்றவர்கள் வராவிட்டால் பரவாயில்லை, நீங்கள் வரவேண்டும். உங்கள் வேலைதான் அது" என்றார். சும்மா பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கைடு அறுபதை ஒட்டிய மனிதர். அக்குளில் மடக்கிய குடை, கையில் பிளாஸ்டிக் உறைகள் நிறைந்த ஒரு ஃபைல். அரண்மனைச் சதுக்கத்து உயரமான தூணிலிருந்து தொடங்கினார். தலைநகரைக் கிராகோவிலிருந்து இங்கே கொண்டுவந்த மூன்றாம் சிகிஸ்மண்ட் ராஜாவுக்காக அவர் மகன் 1644இல் நிறுத்திய தூண். எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம், போட்டோ எடுத்தோம். அவர் எங்களை அரண்மனைச் சுவரோரம் கூட்டிப்போய், புல்லில் கிடந்த கல் உருளைகளைக் காட்டினார். "பழைய தூண் இதோ. 1944இல் விழுந்தது. நீங்கள் போட்டோ எடுத்தது 1949இல் நிறுத்தியது." உருளைகள் மேல் இரண்டு பிள்ளைகள் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கிருந்து சந்தைச் சதுக்கம். தரையில் உருண்டைக் கற்கள். அதற்கு அந்த ஊரில் 'பூனைத் தலைகள்' என்று பெயர். செருப்பு மாட்டிக்கொண்டு வந்தது எவ்வளவு பெரிய தப்பு என்று பத்தாவது நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது. சுற்றிலும் மஞ்சள், பச்சை, செங்காவி என்று ஒடுக்கமான வீடுகள், சுவரெல்லாம் சித்திரம். கைடு ஃபைலிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து அந்த வீடுகளுக்கு நேராகப் பிடித்தார். அதில் செங்கல் மேடு மட்டும்தான் இருந்தது.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடியிலிருந்த நகரம் 1944 ஆகஸ்ட்டில் கிளர்ந்தெழுந்து 63 நாள் சண்டை போட்டது. தோற்ற பிறகு, மிச்சமிருந்ததையும் ஜெர்மானியர்கள் தெருத் தெருவாகக் கொளுத்தினார்கள், வெடி வைத்தார்கள். வரலாற்று நகரத்தில் 85 சதவீதத்துக்கும் மேல் போய்விட்டது. நான் நின்றுகொண்டிருந்த சதுக்கம் 1953 ஜூலையில் திறந்து வைக்கப்பட்டது. இந்தப் 'பழைய' நகரமும் என் அப்பாவும் ஏறக்குறைய ஒரே வயசு.

சரி, எதைப் பார்த்துக் கட்டினார்கள்? அங்கேதான் நான் துணியை மறந்தேன். போருக்கு முன்பே வார்சா பாலிடெக்னிக்கின் கட்டடக்கலை மாணவர்கள் வீடு வீடாக அளந்து வரைபடம் போட்டிருக்கிறார்கள். அந்த வரைபடங்களில் ஒரு பகுதியை நகரத்துக்கு வெளியே கடத்திக் கொண்டுபோய், பியோத்ர்கூவில் ஒரு மடாலயத்தில் ஒளித்து வைத்தார்கள். எங்கள் பாஷையில் சொன்னால் ஆஃப்சைட் காப்பி. அது போக, 1770களில் பெர்னார்தோ பெல்லோத்தோ என்ற வெனிஸ்காரர் ராஜாவுக்காக வார்சா தெருக்களை நுணுக்கமாக வரைந்த ஓவியங்களும் கைகொடுத்தன. ஓவியர் கை சும்மா இருக்குமா? அங்கங்கே கட்டடத்தைக் கொஞ்சம் அழகாக்கியும் வரைந்திருக்கிறார். அந்த அழகும் சில இடங்களில் சுவரில் ஏறிவிட்டது என்று சொல்லிக் கைடு கண்ணைச் சிமிட்டினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சென்னையில் ஒரு வாடிக்கையாளருக்கு மூன்று வருஷம் ராத்திரிதோறும் பேக்கப் எடுத்தோம். காலையில் ரிப்போர்ட் வரும், வரிசையாகப் பச்சை டிக். ஓகே சொல்வது நான். ஒரு நாள் அவர்கள் ஸ்டோரேஜ் படுத்துவிட்டது. எடுத்து வைத்ததைத் திருப்பிப் போட்டால் டேட்டாபேஸ் எழுந்திருக்கவே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் ஃபைல்களை அப்படியே அள்ளியிருந்தோம். எல்லாம் பாதி எழுதிய நிலையில். மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட யாரும் ரீஸ்டோர் செய்து பார்த்ததில்லை, நான் உட்பட. கடைசியில் ஒரு டெவலப்பர் தன் சோதனைக்காகப் பதினோரு மாதம் முன்பு எடுத்து வைத்திருந்த காப்பி ஒன்று அகப்பட்டது. எங்கள் பெல்லோத்தோ அவர்தான். அந்தப் பதினோரு மாதத்தையும் காகித பில்களைப் பார்த்து ஆறு பேர் உட்கார்ந்து அடித்தார்கள். நானும் ஒருவன். பில் மங்கியிருந்த இடங்களில் எண்ணை ஊகித்துப் போட்டோம் என்பதை இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

ரீஸ்டோர் என்று யார் வந்து நின்றாலும் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி, எந்தத் தேதிக்கு? வார்சாவிலும் அதைக் கேட்டிருக்கிறார்கள். போருக்கு முந்தின நாளுக்கு அவர்கள் திரும்பவில்லை. 17, 18ஆம் நூற்றாண்டுத் தோற்றத்துக்குப் போனார்கள். ஒரு வளைவு வழியாகக் கைடு எங்களைக் கொல்லைப்புறத்துக்குக் கூட்டிப்போனார். நல்ல வெளிச்சமான முற்றம், ஒரு மரம், சைக்கிள்கள். 19ஆம் நூற்றாண்டில் வீடுகளுக்குப் பின்னால் நெருக்கிக் கட்டிய இருட்டுப் பின்கட்டுகளைத் திரும்பக் கட்டவில்லையாம். சுகாதாரம் கருதிப் பார்த்தால் நல்ல முடிவுதான். ஆனாலும் அந்தப் பின்கட்டில் பிறந்து வளர்ந்த ஒருவர் 1953இல் திரும்பி வந்து தன் வீட்டைத் தேடியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? அவர் தேதி பட்டியலிலேயே இல்லை.

பெரிய தேவாலயத்தின் பக்கச் சுவரில் ஒரு துருப்பிடித்த இரும்புப் பட்டை பதித்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து ஓட்டி வெடிக்கவைக்கும் ஜெர்மன் வண்டி ஒன்றின் சங்கிலித் துண்டு. அந்த நகரத்தில் நான் தொட்டுப் பார்த்தது அது ஒன்றைத்தான். பக்கத்துச் சின்னச் சதுக்கத்தில் ஒரு விரிசல் விட்ட வெண்கல மணி. மூன்று சுற்று சுற்றினால் நினைத்தது நடக்குமாம். சுற்றுவதில் நமக்குப் பயிற்சி போதாதா? மற்றவர்கள் கூச்சப்பட்டு நிற்க, நான் மூன்று சுற்றையும் முடித்துவிட்டு வந்தேன்.

நடை முடிந்து, மலிவு விலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் பியரோகி என்ற அந்த ஊர்க் கொழுக்கட்டைக்கு வரிசையில் நின்றபோது சென்னையிலிருந்து மெசேஜ். "அண்ணா, நைட் பேக்கப் எல்லாம் கிரீன்." ஷிஃப்டில் இருந்த பையன். அவனைக் கூப்பிட்டேன்.

"ஏதாவது ஒரு சர்வரை எடுத்து டெஸ்ட்ல ரீஸ்டோர் பண்ணிப் பாரு."

"இன்னைக்கு சனிக்கிழமைண்ணா."

"தெரியும்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் மின்விசிறி ஓடுவது மட்டும் கேட்டது. அப்புறம் கேட்டான், "எந்தத் தேதிக்குண்ணா?"

எனக்கு முன்னால் நின்றவர் நகர்ந்துவிட்டார். கவுண்ட்டரில் இருந்த அம்மாள் என்ன வேண்டும் என்று போலிஷில் கேட்டுக்கொண்டிருந்தார்.