டி லைசன்ஸ் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு: என் இரண்டு தேர்வுகளும் ரூபென் அமோரிமின் பாதையும்

கால்பந்துப் பயிற்சியாளருக்கான டி லைசன்ஸ் தேர்வுக்கு நான் இரண்டு தடவை போனேன். முதல் தடவை தேறவில்லை. கல்லூரி அணியிலும் மாவட்ட அணியிலும் சேர்த்துப் பத்து வருடம் நடுக்களத்தில் ஆடியிருக்கிறேன், பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் சொல்லிக்கொடுத்துக்கொண்டும் இருந்தேன், அதனால் இதில் பெரிதாக என்ன கேட்டுவிடப் போகிறார்கள் என்ற நினைப்போடுதான் போனேன். அடுத்த பேட்சில் உட்காரப் போகிறவர்கள் நிறையப் பேர் என்னைப் போல ஆடி வந்தவர்களாகத்தான் இருப்பீர்கள், அதனால் நான் எங்கே விழுந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

செய்முறைத் தேர்வில் சீட்டு எடுத்துத் தலைப்பு கொடுத்தார்கள். எனக்கு வந்தது, எதிராளி பின்னால் நெருங்கும்போது பந்தை வாங்கித் திரும்புவது. நான் தினமும் செய்த வேலை. கோன் வைத்தேன், பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினேன், ஆறேழு நிமிடம் விளக்கினேன், மூன்று தடவை நானே செய்து காட்டினேன். பிள்ளைகள் கைகூடத் தட்டினார்கள். முடிந்ததும் தேர்வாளர் கூப்பிட்டு, "நீங்க நல்லா ஆடுறீங்க. அந்தப் பசங்க இந்த இருபது நிமிஷத்துல எத்தனை தடவை பந்தைத் தொட்டாங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால் ஒரு பையன் நாலைந்து தடவை தொட்டிருப்பான்.

அந்தத் தோல்விக்குப் பிறகு வந்த சில மாதங்களில்தான் நான் போர்ச்சுகல்காரரான ரூபென் அமோரிமைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். ஆட்டக்காரராக இருந்து பயிற்சியாளரானவர். அவருடைய கோப்பைகளுக்காக இல்லை. இரண்டு உலகக் கோப்பைக்குப் போன ஓர் ஆட்டக்காரர், பயிற்சியாளர் லைசன்ஸ் இல்லாததால் தண்டனை வாங்கியிருக்கிறார் என்று ஒரு வரி கண்ணில் பட்டது. அந்த வரிதான் என்னை உள்ளே இழுத்தது.

1985இல் லிஸ்பனில் பிறந்தவர். பெலெனென்செஸ் கிளப்பில் தொடங்கி 2008இல் லிஸ்பனின் பெரிய கிளப்பான பென்ஃபிகாவுக்குப் போனார். நடுக்களம், வலது ஓரம், தேவைப்பட்டால் வலது பின்களம் என்று எங்கே நிறுத்தினாலும் ஆடுகிற ரகம். பென்ஃபிகாவோடு மூன்று லீக் பட்டங்கள். 2010 உலகக் கோப்பைக்கு முதலில் அவர் பெயர் பட்டியலில் இல்லை, சக வீரர் நானி காயப்பட்டதால் கடைசி நேரத்தில் தென்னாப்பிரிக்காவுக்குப் பறந்தார். 2014இல் மறுபடி. போர்ச்சுகலுக்கு 14 ஆட்டங்கள். இடையில் பயிற்சியாளர் ஜோர்ஜ் ஜெசூசோடு மனக்கசப்பு வந்து பிராகா கிளப்புக்குக் கடன் முறையில் (லோனில்) ஆடப் போனார், அப்புறம் கத்தாரின் அல் வக்ராவுக்கும். முழங்கால் காயங்கள் விடவில்லை. 32 வயதில் 2017இல் ஆட்டத்தை விட்டார்.

இவ்வளவு ஆடியவர் அடுத்ததாக என்ன செய்தார் என்று பாருங்கள். படிக்கப் போனார். லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் உடலியக்கப் புலத்தில் உயர்நிலைக் கால்பந்துப் பயிற்சிக்கென்று ஒரு முதுநிலைப் படிப்பு இருக்கிறது, பெயர்பெற்ற போர்ச்சுகல் பயிற்சியாளர் ஜோசே மொரினியோவின் பங்கோடு உருவானது. அதில் சேர்ந்தார். அப்போது மொரினியோ மான்செஸ்டர் யுனைட்டெட்டில் இருந்தார், அங்கே ஒரு வாரம் போய் அவர் பயிற்சி நடத்துவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். பென்ஃபிகா சட்டை போட்டுப் பத்தாயிரக்கணக்கானோர் முன்னால் ஆடியவர், நோட்டுப் புத்தகத்தோடு ஓரத்தில் நிற்கிறார். எனக்கு அந்தக் காட்சி ரொம்பப் பிடித்தது. முதல் தடவை வகுப்பில் நான் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. இரண்டாம் தடவை வகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு நாளும், சொல்லிக்கொடுத்தவர் எங்கே நின்றார், எப்போது ஆட்டத்தை நிறுத்தினார், நிறுத்தி எத்தனை வாக்கியம் பேசினார் என்பதை எழுதி வைத்தேன். பாடத்தை விட இதுதான் எனக்கு உதவியது. நீங்களும் எழுதுங்கள்.

இனி லைசன்ஸ் கதை. 2018இல் அவர் முதல் வேலையாக எடுத்தது காசா பியா, லிஸ்பனின் சின்ன கிளப், அப்போது மூன்றாம் நிலைப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தது. அவரிடம் அந்த வேலைக்கு வேண்டிய லைசன்ஸ் இல்லை, பயிலுநராகத்தான் பதிவாகியிருந்தார். பயிலுநர் ஆட்டத்தின் நடுவே எழுந்து நின்று உத்தரவு கொடுக்கக் கூடாது. அவர் கொடுத்தார். 2019 ஜனவரியில் போர்ச்சுகல் கால்பந்துச் சங்கத்தின் ஒழுங்குக் குழு அவருக்கு ஓராண்டுத் தடையும் கிளப்புக்கு 6 புள்ளி இழப்பும் விதித்தது. அவர் விலகினார். முறையீட்டில் அந்தத் தண்டனை நிலைக்கவில்லை, அந்தப் பருவத்திலேயே காசா பியா மேல் நிலைக்கு ஏறியும் விட்டது, ஆனால் ஏறும்போது அவர் அங்கே இல்லை.

அதோடு முடியவில்லை. 2020 மார்ச்சில் லிஸ்பனின் இன்னொரு பெரிய கிளப்பான ஸ்போர்ட்டிங் அவரை எடுத்தபோதும் போர்ச்சுகல் முதல் நிலை லீக்கில் தலைமைப் பயிற்சியாளருக்கு வேண்டிய நான்காம் நிலைத் தகுதி, அதாவது ப்ரோ லைசன்ஸ், அவரிடம் இல்லை. காகிதத்தில் எமானுவேல் ஃபெர்ரோ என்பவர்தான் தலைமைப் பயிற்சியாளர், அமோரிம் உதவியாளர். பயிற்சியாளர்கள் சங்கம் இதை விடாமல் எதிர்த்தது. இந்த விஷயத்தில் என் மனம் இரண்டு பக்கமும் போகிறது. திறமை இருப்பவனைக் காகிதம் தடுக்கக் கூடாது என்று தோன்றும். ஆனால் வருடக்கணக்கில் காசு கட்டி, விடுப்பு எடுத்து, படிப்படியாக ஒவ்வொரு நிலையாக ஏறியவர்களின் கோபமும் நியாயம்தான், நானும் இப்போது அந்த வரிசையில் நிற்கிறவன். கடைசியில் அமோரிமும் வேலையைப் பார்த்துக்கொண்டே எல்லா நிலைகளையும் படித்துத்தான் முடித்தார். ஆகவே தம்பிகளே, "நான் ஆடியிருக்கேன், எனக்கெதுக்கு டி லைசன்ஸ்" என்று இரண்டு மூன்று வருடத்தை வீணாக்காதீர்கள். நம் ஊரில் டி, அடுத்து சி, பி, ஏ என்று ஏணி நீளமானது, கீழ்ப்படியில் காலை வைக்கத் தாமதித்தால் மேலே வாய்ப்பு வரும்போது கையில் எதுவும் இருக்காது.

சரி, தேர்வுக்கு வருவோம்.

செஷன் பிளான் எழுதும்போது நான்கு விஷயத்தை முதலில் எழுதுங்கள்: எவ்வளவு இடம், எத்தனை பேர், எவ்வளவு நேரம், என்ன விதி. இவை தெளிவாக இருந்தால் மற்றதைச் சமாளிக்கலாம். பிள்ளைகளை நீண்ட வரிசையில் நிறுத்தாதீர்கள். இரண்டாம் தடவை எனக்கு வந்த தலைப்பு முக்கோணமாக நின்று பாஸ் செய்வது. பன்னிரண்டு பேரை மூன்று கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மூவருக்கு எதிராக ஒருவர் என்று விட்டேன். ஒரே நேரத்தில் மூன்று பந்து ஓடியது. விளக்கம் ஒரு நிமிடத்துக்குள். ஆட்டத்தை நிறுத்திப் பேசினால் முப்பது வினாடி, அதிலும் முதலில் கேள்வி: "பந்து அங்க இருக்கு, நீ எங்க நிக்கணும்?" பையன் யோசித்து நகர்ந்தான் என்றால் அது நீங்கள் பத்து தடவை செய்து காட்டுவதற்குச் சமம்.

நிற்கும் இடமும் மதிப்பெண்தான். கட்டத்துக்கு நடுவில் நின்றால் பாதிப் பேருக்கு உங்கள் முதுகு தெரியும், நீங்களும் பாதி ஆட்டத்தைப் பார்க்க மாட்டீர்கள். வெளியே, ஒரு மூலையில், எல்லாரும் தெரிகிற மாதிரி. ஆடி வந்தவர்களுக்கு இது கஷ்டம், கால் தானாக உள்ளே போகும்.

எழுத்துத் தேர்வைப் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆட்ட விதிகள் மொத்தம் 17, ஒவ்வொன்றையும் படியுங்கள். ஆடுகிறபோது நமக்குப் பழக்கத்தில் தெரிந்தது தாளில் எழுதும்போது தடுமாறும். த்ரோ-இன், கோல் கிக், கார்னர் இந்த மூன்றிலிருந்தும் நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது என்பதை எங்கள் பேட்சில் மூன்றையும் சரியாக எழுதியவர்கள் குறைவு. பெரிய ஆட்டக்காரர்களும் கோல் கிக்கை விட்டுவிட்டார்கள்.

பயிற்சித் திட்டமிடல் பகுதிக்குப் போர்ச்சுகல்காரர்களைப் படிப்பது நல்லது என்பேன். போர்ட்டோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வீட்டோர் ஃப்ராடே உருவாக்கிய முறை ஒன்று உண்டு, உடல் வலு தனி, ஆட்ட அறிவு தனி என்று பிரிக்காமல், அணி எப்படி ஆடப் போகிறதோ அதை வைத்தே வாரத்தின் ஒவ்வொரு நாளையும் திட்டமிடுவது. மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவதற்குப் பதிலாகப் பந்தோடு ஆடவிட்டே உடலையும் தயார் செய்வது. மொரினியோ இதில் ஊறியவர். அவர் பெரிய ஆட்டக்காரரும் இல்லை. தாய் வணிகம் படிக்க வைத்தபோது முதல் நாளே விட்டுவிட்டு உடற்கல்வி படித்து, பள்ளிகளில் ஆசிரியராக இருந்து, ஸ்காட்லாந்தில் பயிற்சியாளர் வகுப்புக்குப் போய், 1992இல் ஸ்போர்ட்டிங்கில் இங்கிலாந்துப் பயிற்சியாளர் பாபி ராப்சனுக்கு மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தவர். எதிரணியைப் பார்த்து அவர் எழுதிக் கொடுத்த அறிக்கைகளை ராப்சன் மெச்சினார். ஆடாதவர்கள் மனம் தளர வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன், எங்கள் பேட்சில் முதல் மதிப்பெண் எடுத்தது கிளப் ஆட்டம் ஆடாத ஓர் உடற்கல்வி ஆசிரியை.

அமோரிமுக்கே திரும்புகிறேன், ஏனென்றால் நல்ல பகுதி இனிதான். காசா பியாவுக்குப் பிறகு 2019 செப்டம்பரில் பிராகாவின் இரண்டாம் அணி. டிசம்பரில் முதல் அணி. முதல் ஆட்டத்திலேயே பெலெனென்செஸ் எஸ்ஏடி என்ற அணியை அவர்கள் மைதானத்திலேயே 7-1 என்று வென்றார்கள். 2020 ஜனவரியில் போர்ட்டோவைக் காயநேர கோலில் வென்று லீக் கோப்பை. பிராகாவோடு மொத்தம் 13 ஆட்டம்தான், அதில் 10 வெற்றி. அதை நம்பி ஸ்போர்ட்டிங் ஒரு கோடி யூரோ கொடுத்து அவரை வாங்கியது, ஒரே பருவத்தில் அந்த அணிக்கு நான்காவது பயிற்சியாளர். ரசிகர்கள் கொதித்தார்கள். அறிமுகக் கூட்டத்தில் சரியாகப் போகாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டபோது அவர் திருப்பிக் கேட்டது, "நல்லா போச்சுன்னா?" அந்த இரண்டு சொல்லை என் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். இரண்டாம் தேர்வுக்கு முந்தைய இரவு எனக்கு அது உண்மையிலேயே தேவைப்பட்டது.

ஒரு ஆட்டம் முடிந்ததுமே கொரோனாவில் எல்லாம் நின்றது. அடுத்த பருவம், 2020-21, ஸ்போர்ட்டிங் 19 வருடங்களுக்குப் பிறகு லீக் வென்றது. பின்களத்தின் நடுவில் கோவாட்டெஸ் மாதிரி அனுபவசாலி, பக்கத்தில் நூனோ மென்டெஸ், கோன்சாலோ இனாசியோ என்று அகாடமியில் வளர்ந்த பிள்ளைகள். மூன்று பின்கள வீரர்கள், நடுவில் நால்வர், முன்னால் மூவர். 34 ஆட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் தோல்வி, அதுவும் பட்டம் உறுதியான பிறகு பென்ஃபிகாவிடம் 4-3. 2023-24இல் இன்னொரு லீக். 2024 நவம்பரில் மான்செஸ்டர் சிட்டியை 4-1 என்று வீழ்த்திவிட்டுத்தான் மான்செஸ்டர் யுனைட்டெட்டுக்குக் கிளம்பினார்.

அங்கே நன்றாகப் போகவில்லை. லீக்கில் 15ஆம் இடம், பில்பாவோவில் யூரோப்பா லீக் இறுதியில் டாட்டன்ஹாமிடம் 1-0 தோல்வி, 2026 ஜனவரியில் வேலை போனது. அந்த 3-4-3 அமைப்பை அவர் அங்கும் விடவில்லை, அதற்கேற்ற ஆட்கள் அணியில் இல்லாதபோதும். அவரை நான் நேசிப்பதால் இதைச் சொல்ல வருத்தம்தான், ஆனால் தேர்வுக்கு இதுவும் பாடம். செய்முறையில் உங்கள் பிளான் ஓடாத நிமிடம் கட்டாயம் வரும். மூவருக்கு ஒருவர் என்று விட்டேன் என்றேனே, என் பிள்ளைகளுக்கு முதல் மூன்று நிமிடம் இரண்டு பாஸ்கூடச் சேரவில்லை. காகிதத்தில் எட்டு மீட்டர் என்று எழுதியிருந்தேன். கோன்களைத் தூக்கிப் பத்து மீட்டராக்கினேன், பாஸ் ஓட ஆரம்பித்தது. நன்றாக ஓடியதும் இரண்டு தொடுதலுக்குள் பந்தை விட வேண்டும் என்று விதியை மாற்றினேன். இடம், விதி, பந்துகள், ஆட்கள், இந்த நான்கில் எதையாவது ஒன்றை மாற்றுங்கள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். தேர்வாளர் அந்த இடத்தில்தான் ஏதோ எழுதினார், தூரத்திலிருந்து பார்த்தேன்.

முடிவு வந்த அன்று அவர் என்னிடம் கேட்டது, "அந்தக் கட்டத்தை ஏன் பெருசாக்கினீங்க?" இந்தத் தடவை பதில் இருந்தது.