மரத்தைப் பிழைக்க வைத்த வைரஸ்

பூஞ்சைக்கும் வைரஸ் தொற்றும். அப்படி ஒரு தொற்றால் ஐரோப்பாவின் செஸ்ட்நட் மரங்கள் பிழைத்த கதையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

1904இல் நியூயார்க்கின் பிராங்ஸ் உயிரியல் பூங்காவில் செஸ்ட்நட் மரங்கள் பட்டை வெடித்துக் காயத் தொடங்கின. ஆசியாவிலிருந்து வந்த பூஞ்சைதான் காரணம். அரை நூற்றாண்டுக்குள் அமெரிக்காவில் 300 கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் போயின. நெஞ்சு பதறுகிற எண்ணிக்கை!

1938இல் அதே பூஞ்சை இத்தாலியில், ஜெனோவா அருகே. ஆனால் 1950களில் தாவர நோய் ஆய்வாளர் அன்டோனியோ பிராகி அங்கே சில மரங்களின் புண்கள் தாமாகவே ஆறுவதைக் கவனித்தார். பிரான்சில் பூஞ்சை ஆய்வாளர் ழான் கிராந்த் அந்தப் புண்களிலிருந்து பூஞ்சையைப் பிரித்தெடுத்தார். வழக்கமான ஆரஞ்சு நிறம் இல்லாமல் வெளுத்திருந்தது, மரத்தைத் தாக்கும் வீரியமும் குறைவு. வீரியமுள்ள பூஞ்சையோடு சேர்த்து வளர்த்தால் அதையும் தன்னைப்போல மாற்றியது! உள்ளே ஓர் ஆர்என்ஏ வைரஸ் இருப்பது பிறகுதான் தெரிந்தது. 1992இல் அமெரிக்க ஆய்வாளர் டொனால்ட் நஸ் குழு அதன் மரபுப்பொருளின் பிரதியை வைரஸ் இல்லாத பூஞ்சைக்குள் செலுத்தி, வீரியத்தைக் குறைப்பது வைரஸ்தான் என்று நிரூபித்தது.

இந்த வைரஸுக்குப் புரத உறையே கிடையாது. ஒரு பூஞ்சையிலிருந்து இன்னொரு பூஞ்சைக்கு, அவற்றின் இழைகள் ஒன்றோடொன்று இணையும்போதுதான் தொற்றும். ஒத்துப்போகாத பூஞ்சை ரகங்கள் இணைந்தால் அந்தச் செல்களே செத்துவிடும், வைரஸ் பரவுவது தடைபடும். அமெரிக்கக் காடுகளில் அப்படிப்பட்ட ரகங்கள் ஏராளம், அதனால் ஐரோப்பிய வெற்றி அங்கே கிட்டவில்லை. அந்தத் தடைக்கான மரபணுக்களை நீக்கி, பல ரகங்களுக்கும் வைரஸைக் கடத்தும் பூஞ்சையை நஸ் குழு பின்னர் உருவாக்கியது. அமெரிக்கக் காடுகளில் அது பலிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.